வெள்ளைப் புகைக்கு யார் பொறுப்பு

மகன்,

ஸலாம். சுகம் விசாரிக்கப் போவதில்லை. நேற்றுப் பின்னேரம்தான் உன்னுடைய சத்தம் போடாத புதுக் காருக்குள் இருந்தபடி போனில் முகம் காட்டினாய், உன் கலியாணத்துக்காகத் தலைமயிரை ஒரு பக்கம் ஏற்றி வெட்டியிருப்பதை உம்மாவுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். சுகமாகத்தான் இருக்கிறாய். நானும் சுகம். கார் என்னைவிடச் சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு செய்தி. செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய பழைய இரும்பு லொறிக்காரர் வந்தார். நல்ல மனுசன். கையில் சங்கிலி, இடுப்பில் ஒரு துவாய், வாயில் வெற்றிலை. "கொழும்புலேருந்து மகன் கோல் எடுத்தார், ஒரு பழைய டீசல் கார் ஏத்தணுமாம். எங்க நிக்குது?" என்று கேட்டார். நான் அந்தக் காரின் பொனட்டில்தான் சாய்ந்து நின்றேன். "இங்க அப்படி ஒரு காரும் இல்லையே" என்றேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரும்பு வியாபாரத்தில் வயோதிபர்களைப் பார்த்துப் பழகிய முகம் அது. தேத்தண்ணி குடிக்க வைத்து, ஓடாத மணல் சல்லடை ஒன்றையும் உன் பழைய சைக்கிள் ரிம்மையும் ஏற்றி, மரியாதையாக அனுப்பிவிட்டேன். சைக்கிள் ரிம்முக்கு மன்னித்துக்கொள். காரைக் கொடுக்க மாட்டேன். கலியாணத்துக்கு முதலும் கொடுக்க மாட்டேன், பிறகும் கொடுக்க மாட்டேன்.

நீ சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். உன்னைவிட மூன்று வயது மூத்த கார். கதவின் அடிப்பாகத்தை உப்புக் காற்று தின்றுவிட்டது, மழைக்குப் பிறகு கால் வைக்கிற இடத்தில் தண்ணி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலையில் ஸ்டார்ட் எடுக்க மாட்டாது, எடுத்தால் வெள்ளைப் புகை. "மாப்பிள்ளை வீட்டுக் கார் கற்பிட்டியில போய்ப் புகை அடிச்சா மாமா வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க வாப்பா?" என்று கேட்டாய். அவர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். பெண்ணின் வாப்பாவுடைய ட்ரக்டர் அடிக்கிற புகையில் அந்த ஊர்த் தென்னைகளே இருமுகின்றன, நான் கண்ணால் பார்த்தேன். உன் மாமனாரைப் பற்றி இன்னும் இரண்டு கதை என்னிடம் இருக்கிறது, கலியாணம் முடியட்டும்.

இதைத் தனியாக உன் போனுக்கு அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் சொல்லவேண்டிய விஷயத்தின் முதல் பாதியைப் பத்து வருஷமாக எல்லோருக்கும் முன்னால்தான் சொல்லிவந்தேன். இரண்டாம் பாதியை மட்டும் உன் காதுக்குள் சொல்வது நேர்மையில்லை. முதல் பாதி உனக்கு மனப்பாடம். உனக்கு மட்டுமில்லை, பாலாவிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ரொட்டி போடுகிறவருக்கும் மனப்பாடம். ஆனாலும் புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள். இதுதான் கடைசித் தரம்.

உனக்குப் பதினெட்டு வயது. லைசன்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள். நோன்புப் பெருநாள் அன்று பின்னேரம் கூட்டாளிமாரை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கடற்கரைக்குப் போக என்னிடம் கார் கேட்டாய். பெருநாள் சாப்பாடு சாப்பிட்ட மயக்கத்தில் தந்துவிட்டேன். பொழுது சாய, மஃரிபுக்கு முதல் திரும்பி வந்தாய். அதோடு சும்மா இராமல், கடற்கரை உப்பு அடியில் ஒட்டியிருக்குமே என்று குழாயைப் பிடித்துக் காரை அடியும் மேலுமாகக் கழுவி வைத்தாய். மறுநாள் காலையில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். உம்மாவுடைய சாச்சியை வண்ணாத்திவில்லுவுக்குக் கொண்டுபோய் விடவேண்டும் என்று நான் சாவியைப் போட்டேன். கார் கிறுகிறு என்று சுற்றியது, பிடிக்கவில்லை. இன்னொருதரம். இன்னொருதரம். நாலாம் தரம் பிடித்து, நாலு காலும் நடுங்குகிற ஆட்டுக்கடா மாதிரி நின்று ஆடி, பின்னால் வெள்ளையாக ஒரு புகையைத் தள்ளியது. சோழகக் காற்று அதை அப்படியே அள்ளி முன் விறாந்தைக்குள் கொண்டுபோய், வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேருக்கு மேல் விரித்தது.

எல்லோரும் இருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். முப்பது பேர் பார்க்கும்போது ஒரு மனுசன் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். நான் உன்னைக் கை காட்டினேன். "நேத்து இவர் ரேஸ் ஓடிட்டு வந்திரிக்கார். எஞ்சின் போச்சு" என்றேன். நீ படியில் நின்று, "இல்ல வாப்பா, நான் அம்பதுக்கு மேல போகல்ல. நுரைச்சோலையில ரோடெல்லாம் மாடு" என்றாய். அதற்கு நான் சொன்னதுதான் ஊரெல்லாம் சுற்றியது: "அம்பதுல போனவன் ஏன் காரைக் கழுவினான்? கொலைகாரனும் கத்தியக் கழுவிப்போட்டுத்தான் வீட்ட வருவான்." விறாந்தை சிரித்தது. புகையை மறந்து சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிரியாணியைவிட ருசியாக இருந்தது. அன்றைக்கே உனக்கு ரேஸ்காரர் என்று பெயர் விழுந்தது.

என்னுடைய வியாதி உனக்குத் தெரியும். ஒரு கதைக்கு ஒருதரம் சிரித்தால் அதைப் பத்துத் தரம் சொல்லுவேன். பத்துத் தரம் சொன்னால் அதற்குக் கை கால் முளைக்கும். இரண்டு வருஷத்தில் நீ கற்பிட்டி ரோட்டில் கடற்படை ஜீப்பை முந்தியவன் ஆகிவிட்டாய். டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில், எண்ணெய் ஷெட்டுக்கு வெளியே நானும் மூன்று நாள் நின்றேன். வரிசை நகரும்போது மற்றவர்கள் ஸ்டார்ட் எடுத்து நகர்ந்தார்கள். எனக்கு ஆறிப்போன எஞ்சினை எழுப்பப் பயம், அதனால் தள்ளித் தள்ளியே போனேன். தள்ளித் தந்தவர்களுக்குக் கூலியாக உன் கதையைச் சொன்னேன். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு உன் முகம் தெரியாது, பட்டப்பெயர் தெரியும். அந்தப் பெருநாளுக்குப் பிறகு நீ அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தாலும் ஒரு தேவைக்குப் போக ஓட்டோ பிடிப்பாய். "கொழும்புப் பவர்" என்று அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

இனி எஞ்சின் கதைக்கு வருகிறேன். நீ பேங்கில் வேலை செய்கிறவன், இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். கலியாணம் கட்டப்போகிறவனுக்கு இதைவிடப் பிரயோசனமான பாடம் என்னிடம் இல்லை, ஆனபடியால் வாசி.

வெள்ளைப் புகைக்குப் பத்து வருஷமாக நான் வைத்தியம் பார்த்தேன். தேத்தண்ணிக் கடையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஹீட்டர் பிளக் என்றார்கள், நாலும் புதிதாய்ப் போட்டேன். நோசல் என்றார்கள், நாலையும் கழற்றிக் கொடுத்துச் சரிபார்த்தேன். டீசலில் தண்ணி என்றார்கள், டாங்கியை இறக்கிக் கழுவினேன். டீசல் ஃபில்டர் என்றார்கள், அதையும் மாற்றினேன். அந்தக் காரில் நான் கை வைக்காத சாமான் ஹோன் மட்டும்தான், அதுவும் தானாக நின்றுவிட்டது. ஒவ்வொரு கராஜுக்கும் போய் இறங்கியவுடன் நான் முதலில் சொல்வது என்ன தெரியுமா? "மகன் ரேஸ் ஓடினவர், எஞ்சினுக்குள்ள ஏதோ அடிபட்டிரிக்கு." இரண்டாவது சொல்வது: "டைமிங் பெல்ட் பக்கம் போக வேணாம். அது புதுசு, நானே என் கையால போட்டது." அவர்களும் என் சொல்லைக் கேட்டு அந்த மூடியைத் திறக்காமலே விட்டார்கள். பத்து வருஷம். ஒரு நோயாளி டொக்டரிடம் போய், வருத்தத்தின் பெயரையும் சொல்லி, எந்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னால் என்ன வைத்தியம் நடக்கும்?

நீ காரை விற்கச் சொல்லி ஒரு மாதம் இருக்கும். எனக்கு வீம்பு வந்தது. திருத்திக் காட்டுகிறேன் பார் என்று, உப்பு லொறிக்காரர் ஒருவர் சொன்ன முகவரியைப் பிடித்துக்கொண்டு சிலாபத்துக்கு இந்தப் பக்கம் முன்னேஸ்வரம் போகிற வழியில் டீசல் எஞ்சின் திருத்துகிற ஒரு பாஸிடம் போனேன். சிரில் பாஸ் என்று பெயர். ஒல்லியான மனுசன், கழுத்தில் சிலுவை, பாதி சிங்களம் பாதி தமிழ். தாடியைப் பார்த்தவுடன் என்னை ஹாஜியார் ஆக்கிவிட்டார். மக்காவுக்குப் போகாமலே கிடைத்த பட்டம், நானும் மறுக்கவில்லை. வழமைபோல ரேஸ்காரர் கதையை முழுசாகச் சொன்னேன், கடற்படை ஜீப்போடு. பாஸ் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஹாஜியார், கதை இப்ப வேணாம். காரை வச்சிட்டுப் போங்க. நாளைக்கு விடிய, எஞ்சின் நல்லா ஆறின பொறகு வாங்க. சூடான எஞ்சின் பொய் சொல்லும்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பாஸ் என்னைக் காரின் பின்னால் நிற்க வைத்துவிட்டு, தானே சாவியைப் போட்டார். அதே கிறுகிறு, அதே நடுக்கம், அதே வெள்ளை. "புகைய மணந்து பாருங்க" என்றார். மணந்தேன். "கண் எரியுதா?" எரிந்தது. "தண்ணி எண்டா எரியாது, ஆவி மாதிரிப் போகும். எண்ணெய் எண்டா நீலம். இது எரியாத டீசல். உள்ளுக்குப் போகுது, எரியாம வருது." பிறகு ஒரு பல்பும் வயரும் எடுத்து ஹீட்டர் பிளக் நாலையும் பார்த்தார், நாலும் நல்லது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நோசல்களுக்குப் போகிற குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்கினார். ஒன்றைத் தளர்த்தும்போது எஞ்சின் கொஞ்சம் தொய்ந்தது. அடுத்ததுக்கும் அதே அளவு. நாலுக்கும் அதே அளவு. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஸ்கூலுக்கு ஒரு பிள்ளை பிந்தி வந்தா அந்தப் பிள்ளைட குத்தம். நாலு பிள்ளையும் ஒரே அளவு பிந்தி வந்தா, மணி அடிக்கிறவன்ட குத்தம்."

 

பாஸ் டோர்ச்சைப் பிடித்து டீசல் பம்பின் கழுத்தைக் காட்டினார். பம்பில் ஒரு கோடு, அது பூட்டியிருக்கிற எஞ்சின் உடம்பில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர் நிற்கவேண்டும். இங்கே ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் ஒரு நகத்து அகலம் விலகி நின்றன. பம்பு, அதைத் திருப்பக்கூடிய அளவின் கடைசி விளிம்பு வரைக்கும் திருப்பப்பட்டிருந்தது. "இதை யாரு திருப்பினது?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். "யாரோ ஒரு மோடன், காதால கேட்டுத் திருப்பியிரிக்கான்" என்றார். "ஓம் பாஸ், சரியான மோடனாத்தான் இருப்பான்" என்றேன். எனக்கே தெரியாமல் அந்த மோடனை நான் நல்லாகத் திட்டவும் செய்தேன்.

பிறகு மூடியைத் திறந்தார். பத்து வருஷமாக நான் திறக்க விடாத மூடி. முதலில் பெல்ட்டைப் பார்த்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். இது இன்னும் அறாமல் இருந்தது கடவுள் செயல் என்றார். எஞ்சினை ஸ்பானரால் மெல்லச் சுற்றி, பெல்ட் ஓடுகிற மூன்று பல்லுச் சில்லுகளில் கீழ்ச் சில்லின் அடையாளத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். மேல் சில்லின் அடையாளம் சரியாக வந்து நின்றது. பம்புச் சில்லின் அடையாளம் வரவில்லை. "ஒரு பல்லு" என்றார். பெல்ட் பம்புச் சில்லில் ஒரு பல்லுப் பிந்திப் பூட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு பல்லை மறைக்கத்தான் பம்பைக் கடைசி வரைக்கும் திருப்பியிருக்கிறது. சூட்டில் ஓடும்போது ஏதோ சமாளிக்கும். ஆறிக் கிடக்கிற காலையில் சமாளிக்காது. "பெல்ட் போட்டவன், போட்ட பொறகு கையால ரெண்டு சுத்துச் சுத்திப் பார்க்கல்ல. பார்த்திருந்தா அப்பவே தெரியும். அஞ்சு நிமிச வேலை" என்றார்.

அஞ்சு நிமிஷம். மகன், அந்த அஞ்சு நிமிஷத்தை நான் உனக்குச் சொல்கிறேன்.

அந்தப் பெருநாளுக்கு முதல், நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் பெல்ட் மாற்ற இறங்கினேன். கராஜில் கொடுங்கள் என்று உம்மா சொன்னா. நான் உப்பளத்து எஞ்சின் டொக்டர் அல்லவா? தண்ணி இறைக்கிற ஒற்றைச் சிலிண்டர் பம்புகளைக் காதால் கேட்டே சரிப்படுத்துகிறவன், எனக்கு எதற்குக் கராஜ்? நோன்போடு, வெயிலோடு, வியர்வையோடு பழைய பெல்ட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். குசினியிலிருந்து கஞ்சி வாசம் வந்துகொண்டிருந்தது. கடைசி நட்டை இறுக்கி, இனிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று ஸ்பானரை எடுத்த நேரம் பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னது. உம்மா பேரீச்சம்பழத்தோடு வாசலில் நின்றா. ஸ்பானரைப் போட்டுவிட்டுப் போய் நோன்பு துறந்தேன். மூன்று கோப்பைக் கஞ்சி. வந்து மூடியைப் பூட்டினேன். ஸ்டார்ட் எடுத்தேன். சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. பரவாயில்லை, உப்பளத்துப் பம்பு மாதிரிதானே என்று டீசல் பம்பைத் தளர்த்தி, காதுக்கு இனிமையாக வருமட்டும் திருப்பி, இறுக்கிவிட்டேன். "பார்த்தியா?" என்று உம்மாவிடம் கேட்டேன். நல்லாப் பார்த்தேன் என்றா.

நோன்பு நாளில் நான் காலையில் எங்கே எழும்பினேன்? விடிய முதல் ஸஹர் சாப்பிட்டுச் சுபஹு தொழுதுவிட்டுப் படுத்தால் பத்துமணி. காரை எடுத்ததெல்லாம் பின்னேரங்களில், தகரக் கொட்டிலுக்குள் வெந்து கிடந்த எஞ்சினோடு. வந்த கொஞ்சப் புகையையும் சோழகம் கொண்டுபோய்விட்டது. பெருநாள் காலையில் பள்ளிக்கு நடந்துதான் போனோம். பெல்ட் போட்ட பிறகு அந்தக் கார் உண்மையான காலை ஒன்றைக் கண்டது பெருநாளுக்கு மறுநாள்தான். அதற்கு முதல் நாள் அதைத் தொட்டவன் நீ. கடைசியாகத் தொட்ட கை எதுவோ அதுதான் கெடுத்த கை என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. நீ கழுவி வைத்ததையும் குற்றமாக எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் சிரில் பாஸிடம் சொன்னேன். சொல்லாமல் தப்ப வழி இருந்தது. அந்த மோடனை இன்னும் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "பாஸ், அந்த மோடன் நான்தான்" என்றேன். இப்போதாவது சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பழைய பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அப்ப அந்த ரேஸ் கதை, ஹாஜியார்?" என்று கேட்டார். 

அவர் புதுப் பெல்ட்டைப் போட்டு, பம்பைத் திருப்பி இரண்டு கோடும் முகம் பார்க்க நிறுத்தி, மீட்டர் வைத்து அளந்து, ஸ்பானரை என் கையில் தந்தார். "நீங்களே சுத்துங்க." நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கே கை நோகிறது என்று உனக்குத் தெரியாது. மூன்று அடையாளமும் வந்து இடத்தில் நின்றன. பத்து வருஷத்துக்கு முதல் செய்யவேண்டிய வேலையை அங்கே, முன்னேஸ்வரத்துக்குப் போகிற பக்தர்கள் பார்த்துக்கொண்டு நடக்க, ரோட்டோரத்தில் செய்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா, நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்" என்றா. எப்போதிருந்து என்று கேட்டேன். "அண்டைக்கு நீங்க ஸ்பானரப் போட்டுட்டு கஞ்சிக்கு ஓடி வந்த நேரத்துலேருந்து. ரெண்டு மூணு தரம் சொன்னேன், பெல்ட் போட்ட இடத்த ஒருக்காப் பாருங்களேன் எண்டு. நீங்க புள்ளைட கதையச் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தீங்க." அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தா. "பத்து வருஷமா புள்ளைட பேர்ல சிரிச்சீங்க. இனி உங்கட பேர்ல சிரிங்க." பொஞ்சாதி ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் மெதுவாகச் சொன்னால், மூடியைத் திற. என்னிடம் கலியாணப் புத்திமதி என்று வேறு ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் உன் மாமனார் சொல்லுவார், அவருக்குப் பேசப் பிடிக்கும்.

அவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது. பெண் பேசப் போன அன்றும் நான் அந்தக் கதையைச் சொன்னேன். அதுவும் கடற்படை ஜீப்போடு. கற்பிட்டியில், அவர்கள் வீட்டு மண்டபத்தில், உன் வருங்கால மாமனார் மச்சான்மாருக்கு முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உன்னைப் பார்த்து, "இப்பவும் அப்படித்தான் ஓடுறீங்களா தம்பி?" என்று கேட்டார். நீ சர்பத் கிளாஸைக் கீழே வைத்தாய். "இல்ல மாமா, இப்ப மெதுவாத்தான்" என்றாய். நீ அப்போது மறுத்திருந்தால் உன் வாப்பா சபையில் பொய்யனாகியிருப்பான். செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு என்னைக் காப்பாற்றினாய். நான் அதைக்கூடக் கவனிக்காமல் அடுத்த கதைக்குப் போய்விட்டேன். இப்போது ஒவ்வொரு நாளும் அந்த கிளாஸ் மேசையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

போன கிழமை உம்மாவிடம் இரகசியமாக ஒன்று சொல்லியிருக்கிறாய்: "வலீமா விருந்தில வாப்பா மைக் பிடிக்க வேணாம்." உம்மாவிடம் சொல்வதெல்லாம் எனக்கு வரும் என்று தெரிந்துதான் சொன்னாய். நீ பயந்தது சரி. நான் அந்தக் கதையை அங்கேயும் சொல்லத்தான் இருந்தேன், புதிதாக ஒரு ஹெலிகொப்டரும் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் மைக்கை விட மாட்டேன். காரையும் விட மாட்டேன் மைக்கையும் விட மாட்டேன் என்றால் இது என்ன மனுசன் என்று கேட்பாய். கேள். எந்த வாயால், எத்தனை பேருக்கு முன்னால் உன் பெயரைக் கெடுத்தேனோ, அந்த வாயால் அத்தனை பேருக்கு முன்னால்தான் அதைத் திருப்பி எடுக்கவேண்டும். இருட்டில் உன் தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளிச்சத்தில் சும்மா இருக்க என்னால் முடியாது. தேத்தண்ணிக் கடையில் ஏற்கனவே தொடங்கிவிட்டேன். நேற்று நான் உள்ளே நுழைய, ரொட்டி போடுகிறவர் மாவை அடித்துக்கொண்டே, "வாங்க 'ஒரு பல்லு' நானா" என்றார். புதுப் பெயர். நல்லாயிருக்கிறது. சாகும்வரை இருக்கட்டும்.

காரை ஏன் கொடுக்க மாட்டேன் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். லொறிக்காரர் அதை ஏற்றிக்கொண்டு போய் நசுக்கினால், பத்து வருஷம் புகைத்த எஞ்சின் என்றுதான் ஊர் நினைக்கும். நசுக்கிய இரும்பு சாட்சி சொல்ல வராது. அந்தக் கார் காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் எடுத்துக் காட்டினால்தான் அது கெட்டது உன்னால் இல்லை என்று ஆகும். சாட்சியை இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டு என்னால் மைக் பிடிக்க முடியாது. எட்டு நாளாக விடியக் காலையில் நானும் உம்மாவும் போய்ப் பார்க்கிறோம். ஒரே தட்டு. கிழவனுக்கு வருகிற மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இருமல், அவ்வளவுதான். அது வயது. அதற்கு நீயும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை. எனக்கும் காலையில் அப்படித்தான் வருகிறது.

ஆனால் எட்டு நாளும் சாவியைப் போட்டது நான். என் கையை நம்ப வேண்டாம் என்று இந்தக் கடிதம் முழுவதும் சொல்லிவிட்டு, என் கையால் போட்ட சாவியை மட்டும் நம்பு என்று கேட்க முடியுமா? ஆகவே இப்படிச் செய்வோம். நிக்காஹ் அன்று காலை ஏழு மணிக்கு உன் பூக்கட்டிய வாடகைக் கார் வாசலில் நிற்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ அதிலேயே போ. அதற்கு முதல் ஒரு நிமிஷம் முற்றத்துக்கு வா. அன்றைக்கு எங்கள் வீட்டிலும் முப்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள், பழைய விறாந்தைக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கார் இரவு முழுவதும் ஆறிக் கிடந்திருக்கும். சாவி அதிலேயே இருக்கும். நீ உட்கார்ந்து ஸ்டார்ட் எடு. நான் உம்மா எடுத்துத் தந்த புது வெள்ளைச் சேர்ட்டும் வெள்ளைச் சாரனும் உடுத்து, அந்தக் காரின் பின்னால், புகைக் குழாய்க்கு ஒரு முழத் தூரத்தில் நிற்பேன். பழைய மாதிரிப் புகை வந்தால் சம்பந்தி வீட்டுக்கு அந்த உடுப்போடேயே வருகிறேன், லொறிக்காரருடைய நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது.

பயப்படாமல் எக்ஸிலேட்டரை நல்லாக அமர்த்திக் கொடு. நான் விலக மாட்டேன்.

உன் வாப்பா